டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க்: குடும்பத்தோடு ஒரு நாள் மலையேற்றம் போக வழிகாட்டி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் டெவில்ஸ் லேக் ஏரியில் வடக்குக் கரை, தெற்குக் கரை என்று இரண்டு கரைகள் உண்டு. இரண்டிலும் மணல் பீச் இருக்கிறது, இரண்டிலும் பார்க்கிங் இருக்கிறது, இரண்டிலும் போன் சிக்னலை நம்ப முடியாது. இந்த ஒரு விஷயம் தெரியாததால் எங்கள் முதல் பயணம் கிட்டத்தட்ட பாழாகிப் போனது.

ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, இரண்டு குடும்பங்கள், இரண்டு கார்கள். சிகாகோவுக்கு வெளியே ஷாம்பர்க்கிலிருந்து கிளம்பினோம். மதுரையிலிருந்து வந்திருந்த என் அப்பாவும் அம்மாவும் எங்கள் காரில். "பீச் பக்கம் சந்திப்போம்" என்று மட்டும் பேசிக்கொண்டோம். பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பார்க்கிங் நிரம்பி வழிந்தது. சுற்றிச் சுற்றி எப்படியோ வடக்குக் கரையில் இடம் பிடித்தோம். நண்பர் குடும்பம் தெற்குக் கரையில் காத்திருந்தது. போன் போகவில்லை, வாட்ஸப் செய்தியில் ஒற்றை டிக் தான். அப்பாவின் பிரஷர் மாத்திரை இருந்த பை அவர்கள் காரில். ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை இன்னொரு குடும்பம் அனுபவிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு பல தடவை போய்விட்டோம். விஸ்கான்சின் மாநிலத்தில் பராபூ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தப் பூங்கா. மேடிசனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், மில்வாக்கியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், சிகாகோ புறநகர்களிலிருந்து மூன்று மணி நேரம். நடுவில் 360 ஏக்கர் ஏரி, கிழக்கிலும் மேற்கிலும் 500 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் பாறைக் குன்றுகள். குன்றின் மேல் நின்று கீழே ஏரியைப் பார்க்கும்போது எல்லா அலைச்சலும் மறந்துபோகும். ஆனால் அங்கே போய் நிற்பதற்குள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

1. முதலில் தேதி

மெமோரியல் டே (மே கடைசி) முதல் லேபர் டே (செப்டம்பர் தொடக்கம்) வரை வரும் சனி, ஞாயிறுகளைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். மாநிலத்திலேயே அதிகக் கூட்டம் வரும் பூங்காக்களில் இது முன்னணியில் இருக்கிறது. வெள்ளி அல்லது திங்கள் லீவு போட முடிந்தால் அந்த லீவு வீண்போகாது.

என்னைக் கேட்டால் செப்டம்பர் இரண்டாவது வாரத்துக்கு மேல் போவதுதான் சிறந்தது. வெயில் குறைந்திருக்கும், கொசு குறைந்திருக்கும், தண்ணீர் இன்னும் முழுக்கக் குளிர்ந்திருக்காது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் கூட்டமும் குறைவு. அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறும் காலம் அத்தனை அழகு. ஆனால் அந்த வார இறுதிகளில் ஜூலையைப் போலவே நெரிசல். மே மாதமும் நல்ல காலம்தான், ஆனால் உண்ணித் தொல்லை அதிகம். அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பொழுது சாயும் நேரத்தையும் தேதியோடு சேர்த்தே பாருங்கள். ஜூலையில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். அக்டோபர் நடுவில் ஆறேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மேற்குக் குன்று மறைப்பதால் ஏரிக்கரையில் அதற்கு முன்பே இருட்டு கவிய ஆரம்பிக்கும்.

முந்தைய இரவும் அன்று காலையும் மழை என்றால் குன்று ஏறும் திட்டத்தை ஒத்திப்போடுங்கள். இங்கே இருப்பது குவார்ட்சைட் என்ற வழவழப்பான பாறை. ஈரம் பட்டால் சோப்புத் தடவினது போல வழுக்கும்.

2. எந்தக் கரை என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கார்களுக்கும் ஒரே கரை, ஒரே இடம், ஒரே நேரம்.

வடக்குக் கரையில் பூங்கா அலுவலகம், சாப்பாடும் சாமான்களும் விற்கும் கடை, படகு வாடகை எல்லாம் இருக்கின்றன. பராபூ ஊர்ப் பக்கமிருந்து வந்தால் இதுதான் முதலில் வரும். கிழக்குக் குன்றுக்கும் மேற்குக் கரையோரப் பாதைக்கும் இங்கிருந்தே நடக்கத் தொடங்கலாம். முதல்முறை போகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் வடக்குக் கரைக்கே போங்கள்.

தெற்குக் கரையில் புல்வெளி விரிந்து கிடக்கும். சின்னப் பிள்ளைகளை ஓடவிட நல்ல இடம். பேலன்ஸ்டு ராக், டெவில்ஸ் டோர்வே என்று படங்களில் பார்க்கும் பாறைகளுக்கு இங்கிருந்து நேராக ஏறிவிடலாம். ஆனால் ஏற்றம் செங்குத்து.

வரைபடத்தில் பார்த்தால் இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு மைல் தண்ணீர்தான் தெரியும். காரில் போனால் குன்றைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கூட்ட நாளில் அந்தச் சுற்றுக்கே அரைமணி ஆகிவிடும், போய்ச் சேர்ந்தாலும் பார்க்கிங் இருக்கும் என்பது நிச்சயமில்லை.

அதனால் நாங்கள் இப்போது செய்வது இது. "வடக்குக் கரை, அலுவலகத்தின் வாசல், காலை எட்டரை" என்று முந்தைய நாளே எல்லோருக்கும் அனுப்பிவிடுவோம். "அங்கே இடம் இல்லையென்றால் எங்கே" என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுவோம். ஜிபிஎஸ்ஸில் வெறும் பூங்காப் பெயரைப் போடாமல் 'நார்த் ஷோர்' அல்லது 'சவுத் ஷோர்' என்று சேர்த்துத் தேடுங்கள். அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

3. நுழைவு ஸ்டிக்கர்: எவ்வளவு, எங்கே, எப்படி

விஸ்கான்சின் ஸ்டேட் பார்க்கில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை. வண்டிக்குத்தான் கட்டணம். காரில் இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் ஒரே தொகை.

நான் போனபோது இந்தப் பூங்காவுக்கு ஒரு நாள் கட்டணம் விஸ்கான்சின் நம்பர் பிளேட்டுக்கு 13 டாலர், வெளிமாநில பிளேட்டுக்கு 16 டாலர். ஆண்டு ஸ்டிக்கர் 28 டாலர், வெளிமாநிலத்துக்கு 38 டாலர். கட்டணத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே கிளம்பும் வாரத்தில் மாநில இயற்கைவளத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

உள்ளூர்க் கட்டணமா வெளியூர்க் கட்டணமா என்பதை உங்கள் டிரைவிங் லைசென்ஸ் முடிவு செய்யாது, காரின் நம்பர் பிளேட்தான் முடிவு செய்யும். மேடிசனில் குடியிருக்கும் நீங்கள் வாடகைக் கார் எடுத்து, அதில் இல்லினாய்ஸ் பிளேட் இருந்தால் வெளிமாநிலக் கட்டணம்தான்.

நேஷனல் பார்க் ஆண்டு பாஸ் வைத்திருப்பவர்கள் அது இங்கே செல்லும் என்று நினைத்து வந்துவிடுகிறார்கள். செல்லாது. அது மத்திய அரசின் பூங்காக்களுக்கு, இது மாநிலத்துடையது.

ஆண்டு ஸ்டிக்கர் வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று கணக்குப் போடாதீர்கள். அது அந்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான். அக்டோபரில் முதல்முறை போகிறீர்கள் என்றால் ஒரு நாள் ஸ்டிக்கரே போதும். வசந்த காலத்திலேயே வாங்கி, மூன்று தடவையாவது போவீர்கள் என்றால் ஆண்டு ஸ்டிக்கர் லாபம். மாநிலத்தின் மற்றப் பூங்காக்களுக்கும் அது செல்லும். ஒரே வீட்டில் இரண்டாவது காருக்கு ஆண்டு ஸ்டிக்கர் குறைந்த விலையில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஸ்டிக்கரைக் கையில் வைத்திருந்தால் போதாது, கண்ணாடியில் ஒட்ட வேண்டும். முன்கண்ணாடியின் உள்பக்கம், டிரைவர் பக்கத்துக் கீழ்மூலையில். அலுவலகம் மூடியிருக்கும் நேரத்தில் போனால், தாங்களே பதிவு செய்துகொள்ளும் இடத்தில் உறையில் பணம் வைத்துப் போட வேண்டி வரலாம். மீதிச் சில்லறை தர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சரியான தொகையை ரொக்கமாக எடுத்துவையுங்கள்.

காசில்லாமல் போக வழிகளும் உண்டு. ஜூன் மாதத்தின் முதல் முழு வார இறுதியில் மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது (கூட்டத்துக்கு மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள்). விஸ்கான்சினில் குடியிருந்து பிள்ளை நான்காம் வகுப்புப் படிக்கிறது என்றால் இலவச ஆண்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். சில பொது நூலகங்களில் புத்தகம் எடுப்பது போலவே பூங்காவுக்கான ஒரு நாள் பாஸும் எடுக்கலாம். உங்கள் ஊர் நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

மற்றச் செலவு என்று பார்த்தால் பெட்ரோல்தான் பெரியது. சிகாகோ புறநகரிலிருந்து போக வர சுமார் 340 மைல். சாதாரண எஸ்யூவிக்கு 13, 14 கேலன் ஆகும். இல்லினாய்ஸ் எல்லை வரை ஐ-90 சாலையில் டோல் உண்டு. விஸ்கான்சினுக்குள் டோல் இல்லை. சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒரு குடும்பம் நூறு டாலருக்குள் முடித்துவிடலாம்.

4. எத்தனை மணிக்குக் கிளம்புவது

பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கிறது. கோடை வார இறுதியில் ஒன்பது மணிக்குள் காரை நிறுத்திவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகாகோ பக்கமிருந்து வருகிறவர்கள் காலை ஐந்தரைக்குக் காரை எடுத்தாக வேண்டும். பிள்ளைகளை இரவு உடையிலேயே தூக்கிக் காரில் போட்டுவிடுங்கள்; வழியில் விஸ்கான்சின் ரெஸ்ட் ஏரியாவில் பல் தேய்த்து, உடை மாற்றி, இட்லியும் பொடியும் கொடுத்துவிடலாம். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவார்கள், நீங்களும் நேரத்துக்குப் போய்ச் சேர்வீர்கள்.

ஐ-90/94 சாலையில் 106ஆம் எக்ஸிட்டில் இறங்கி, 33ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே பராபூ நோக்கிப் போனால் வடக்குக் கரைக்கு வசதி. காருக்குப் பெட்ரோல், குளிர்பெட்டிக்கு ஐஸ், மறந்துபோன சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் பராபூவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே போன் வேலை செய்யும். "வந்துவிட்டோம்" என்று மற்றக் காருக்குச் செய்தி அனுப்ப வேண்டிய கடைசி இடமும் அதுதான்.

போய்ச் சேரும்போது பார்க்கிங் நிரம்பியிருந்தால் சாலையோரத்தில் புல்மேல் ஏற்றி நிறுத்தாதீர்கள், அபராதச் சீட்டு வரும். காத்திருந்து கோபப்படவும் வேண்டாம். அரைமணிக்குள் போகக்கூடிய தூரத்தில் லேக் டெல்டன் அருகே மிரர் லேக் ஸ்டேட் பார்க் இருக்கிறது. அதுவும் ஏரிக்கரைதான், அமைதியான தண்ணீர், எளிய காட்டுப் பாதைகள். ஒருமுறை வேறு வழியில்லாமல் அங்கே போய், மாலை வரை நிம்மதியாக இருந்துவிட்டு வந்தோம்.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்களும் மருந்தும்

லைசென்ஸ், கார் பதிவுச் சான்று, கார் இன்ஷூரன்ஸ், எல்லோருடைய ஹெல்த் இன்ஷூரன்ஸ் அட்டை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களுடைய பயணக் காப்பீட்டு அட்டையும் அதிலுள்ள உதவி எண்ணும் காகிதமாகவே இருக்கட்டும். மின்னஞ்சலில் இருக்கிறது என்று விட்டால் சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காது. அவர்களுடைய பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு) ஆகியவற்றின் நகலும் உங்கள் பையில் இருப்பது நல்லது.

மாத்திரைகள் யாருக்கானவையோ அவர் முதுகிலோ தோளிலோ தொங்கும் பையில்தான் இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வேண்டாம், காரில் வேண்டாம், கண்டிப்பாக இன்னொருவர் காரில் வேண்டாம். இன்சுலின், ஆஸ்துமா பம்ப், பிரஷர் மாத்திரை, பிள்ளைகளின் அலர்ஜி மருந்து எல்லாவற்றுக்கும் இதே விதி. ஒரு துண்டுச் சீட்டில் மாத்திரைப் பெயரும் அளவும் எழுதி அதே பையில் போட்டுவிடுங்கள்.

அலுவலகத்தில் இலவசமாக வரைபடம் தருவார்கள். ஆளுக்கொன்று வாங்கி, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கையிலும் ஒன்று கொடுங்கள். கார் நிற்கும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டுங்கள்.

6. சாப்பாடு, தண்ணீர், செருப்பு

குன்றின் மேல் குடிநீர்க் குழாய் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. இரண்டும் கீழே ஏரிக்கரையில்தான். ஏறும் முன் எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு, பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள். கோடையில் பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், பிள்ளைகளுக்கு ஒரு லிட்டர். ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட மோர் எடுத்துப் போனால் ஏறி முடித்தவுடன் அது தரும் தெம்பே தனி.

மதியச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு ஏறாதீர்கள். மேலே கொறிக்க முறுக்கு, பேரீச்சை, ஆரஞ்சு, வேகவைத்த கடலை போதும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் எளிதில் கெடாத ஜோடி. தயிர் சாதம் கொண்டுபோவதாக இருந்தால் பாலில் பிசைந்து, ஐஸ் நிறைந்த குளிர்பெட்டியில் வையுங்கள். ஜூலை வெயிலில் பூட்டிய காருக்குள் சும்மா வைத்த தயிர் சாதத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, எங்கள் முதல் பயணத்தில் அப்படியே கொட்டினோம்.

பிக்னிக் பகுதியில் அடுப்பு மூட்ட விரும்பினால் கரி நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். விறகை வீட்டிலிருந்து ஏற்றிப்போகாதீர்கள். மரங்களை அழிக்கும் பூச்சி பரவும் என்பதால் 10 மைலுக்கு அப்பாலிருந்து விறகு கொண்டுவரத் தடை இருக்கிறது. குப்பையைக் கட்டி எடுத்துவர இரண்டு பெரிய பைகள் வேண்டும்.

காலுக்கு ரப்பர் அடி உள்ள ஷூ போதும், விலை உயர்ந்த ஹைகிங் பூட்ஸ் தேவையில்லை. ஆனால் செருப்போடு ஏறக் கூடாது. "நான் ஊரில் அழகர்கோயில் மலையையே செருப்போடு ஏறினவள்" என்றார் அம்மா. இங்கே படிகள் ஒழுங்காக வெட்டியவை அல்ல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். சேலைக்குப் பதில் சுடிதாரும் கட்டின ஷூவும் போட்ட பிறகு அவரே முன்னால் நடந்தார்.

7. பாதையைத் தேர்ந்தெடுப்பது

பலகையில் 'ஒரு மைல்' என்று பார்த்துவிட்டு இருபது நிமிடம் என்று நினைக்காதீர்கள். குடும்பத்தோடு குன்றில் ஏறும்போது ஒரு மைலுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். போட்டோ, தண்ணீர், "இன்னும் எவ்வளவு தூரம்" எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

*முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்:* மேற்குக் கரையோரமாகப் போகும் டம்பிள்டு ராக்ஸ் ட்ரெயில். ஒரு மைல் போய் அதே வழியில் ஒரு மைல் திரும்ப வேண்டும். மேலேயிருந்து உருண்டு விழுந்த பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே, தண்ணீரை ஒட்டியே நடை. பெரிய ஏற்றம் கிடையாது. என் அப்பா பாதிவழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுப்ப எங்களுக்கு மனமே வரவில்லை. ஸ்ட்ரோலர் தள்ள இது சரிப்படாது. கைக்குழந்தையை முன்னால் கட்டிக்கொள்ளும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

*ஏழு, எட்டு வயதுக்கு மேல், ஓரளவு நடக்கக்கூடிய எல்லோருக்கும்:* நான் எல்லோருக்கும் சொல்வது கிழக்குக் குன்றுச் சுற்றுதான். வடக்குக் கரையின் கிழக்கு ஓரத்தில், ரயில் தண்டவாளத்தைத் தாண்டியதும் பாதை தொடங்கும். ஈஸ்ட் பிளஃப் ட்ரெயிலில் ஏறுங்கள், ஈஸ்ட் பிளஃப் வுட்ஸ் ட்ரெயிலில் இறங்குங்கள். மொத்தம் மூன்று மைல். முதல் அரைமணி கல்படிகள் மூச்சு வாங்க வைக்கும். அதன் பிறகு விளிம்போரமாக, ஏரியைப் பார்த்தபடியே நடை. வழியில் எலிஃபன்ட் ராக் என்ற யானைப் பாறை வரும், பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். இறங்கும் பாதை காட்டுக்குள், நிழலில், மெல்லச் சரியும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் உண்டு: எளிதாக ஏறி, செங்குத்தாக இறங்குவது. செய்யாதீர்கள். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும். களைத்த காலோடு செங்குத்தில் இறங்கும்போதுதான் முழங்கால் போகிறது, வழுக்கலும் நடக்கிறது.

*பழகியவர்களுக்கு:* தெற்குக் கரையிலிருந்து பேலன்ஸ்டு ராக் ட்ரெயில். நீளம் 0.4 மைல்தான், ஆனால் அது முழுக்கவே பாறைப் படிக்கட்டு, சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும். ஏறி முடித்து டெவில்ஸ் டோர்வேயையும் பார்த்துவிட்டு, சிசிசி ட்ரெயில் வழியாக இறங்கி, குன்றின் அடியில் கிராட்டோஸ் ட்ரெயிலில் திரும்பி வரலாம். இறங்கும் வழியும் செங்குத்துதான். தாத்தா பாட்டியையும் ஐந்து வயதுக் குழந்தையையும் இங்கே கூட்டிப் போகாதீர்கள். நீளம் குறைவு என்று பார்த்து இதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாதியில் அழும் பிள்ளையோடு நின்ற குடும்பங்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

குடும்பத்தில் எல்லோரும் ஒரே பாதையில் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தாத்தா பாட்டி கரையோரம், மற்றவர்கள் குன்று என்று பிரிந்து போகலாம். பிரியும்போது திரும்பும் நேரத்தையும் இடத்தையும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். "ஒரு மணிக்கு, இந்த மேசை" என்கிற மாதிரி. மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் பதினொன்றரைக்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. கீழே காத்திருப்பவருக்குப் போன் செய்து "இன்னும் அரைமணி" என்று சொல்ல முடியாத இடம் இது.

8. மேலே போனதும்

விளிம்பில் கைப்பிடிச் சுவர் இல்லை, கம்பி வேலி இல்லை. பத்து வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். போட்டோவுக்காகப் பின்னால் நகர்வது பெரியவர்கள் செய்யும் தவறு. முதலில் நிற்கும் இடத்தை முடிவு செய்து, உட்கார்ந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் தண்டவாளம் பயன்பாட்டில் இருக்கிறது, சரக்கு ரயில் வரும். குறுக்குவழி என்று அதில் நடப்பது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. குறித்த இடத்தில் மட்டும் கடந்து போங்கள்.

கரைப் பக்கம் பறவை, கரடி வடிவத்தில் மண்மேடுகள் இருக்கின்றன. இந்தப் பகுதியின் பழங்குடியினரான ஹோ-சங்க் மக்களுக்கு இந்த ஏரி புனிதமானது, அந்த மேடுகள் பழங்குடி முன்னோர் எழுப்பியவை. பிள்ளைகள் ஏறி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மூன்று இலையாகச் சேர்ந்திருக்கும் பாய்சன் ஐவி என்ற செடி பாதையோரம் நிறைய. பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். பாதை நடுவிலேயே நடந்தால் இதிலிருந்தும் உண்ணியிலிருந்தும் பாதி தப்பித்துவிடலாம்.

9. ஏரியில் இறங்கும் முன்

லைஃப்கார்டு கிடையாது. அது ஒன்றே போதும், பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போடாமல் தண்ணீரில் விடாதீர்கள். காற்றடைத்த மிதவைகளை நம்ப வேண்டாம். பெரியவர் ஒருவர் போனைப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் சுமையாக இருக்காது.

கயாக், கனோ வாடகைக்குக் கிடைக்கும். பெட்ரோல் இன்ஜின் படகுக்கு இந்த ஏரியில் அனுமதி இல்லை, அதனால் சத்தமும் அலையும் இல்லாத தண்ணீர். முதல்முறை துடுப்புப் போடுகிறவர்களுக்கு நல்ல இடம். குளித்து முடித்ததும் உடம்பை உடனே துடைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான காலத்தில் ஏரித் தண்ணீர் தோலில் அப்படியே காய்ந்தால் சிலருக்குச் சிவந்து அரிக்கும்.

10. திரும்பும் வழியும், வீட்டுக்கு வந்ததும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள். விஸ்கான்சின் டெல்ஸ் நீச்சல் பூங்காக்களிலிருந்து சிகாகோ திரும்பும் வண்டிகள் எல்லாம் மாலையில் அதே ஐ-90/94 சாலையில்தான் வரும். கிளம்பும் முன் காரைச் சுற்றி ஒருமுறை தலைகளை எண்ணுங்கள், ஷூக்களை எண்ணுங்கள், மாத்திரைப் பையைத் தொட்டுப் பாருங்கள்.

உண்ணிச் சோதனையை எவ்வளவு களைப்பாக இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். விஸ்கான்சினில் மான் உண்ணி கடித்து லைம் நோய் என்ற தொற்று வருவது சர்வசாதாரணம். மே, ஜூன் மாதங்களில் வரும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடிப்பது தெரியாது. கிளம்பும்போதே பூச்சி விரட்டி அடித்து, பேன்ட்டின் அடியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணிகளை நேராக டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டி, பிறகு துவையுங்கள். அனைவரும் குளிக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள், காதுக்குப் பின், அக்குள், தொப்புள், இடுப்பு, முழங்காலுக்குப் பின்புறம் என்று ஒவ்வோர் இடமாக விரலால் தடவிப் பாருங்கள். அம்மாவின் பின்னல் அடியில் ஒருமுறை நான் கண்டுபிடித்தேன்.

ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்புக்குச்சி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கூர்முனை ட்வீஸரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணியை ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோய் தொற்றப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே அன்று இரவே எடுத்துவிட்டால் பயம் குறைவு. எத்தனை நேரம் ஒட்டியிருந்தது என்று தெரியவில்லை என்றால் மறுநாளே டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். தடுப்பு மருந்து தருவதாக இருந்தால் உண்ணியை எடுத்த மூன்று நாளுக்குள் தருவார்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, கடித்த இடத்தைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் சிவப்போ வந்தால் அந்தத் தேதியைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள். ஊருக்குத் திரும்பும் அப்பா அம்மாவிடமும் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். நம் ஊர் டாக்டருக்கு லைம் நோய் சட்டென்று நினைவுக்கு வராது.